ரிலீவர் வரும்வரை

பிள்ளைப்பாக்கம்
ஐப்பசி 9

அன்புள்ள லோகேஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, பிரவீனா, நம் எண்பது சென்ட் நிலம், நால்வரும் நலம். ஜப்பானில் நீயும் உன் ரைஸ் குக்கரும் நலமா? போனில் பேசினால் சங்கடமான இடம் வந்ததும் உனக்கு டவர் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (அம்மா சொல்லாததையும் எழுதுவேன், அண்ணா.)

அப்பாவுக்கு அறுபத்தேழு ஆகிறது, நிலத்தை லாரி நிறுத்த வாடகைக்கு விடலாம், கடையில் அரிசி கிடைக்காதா என்று கேட்டாயே. கிடைக்கும்டா. ஆனால் தெருவில் எல்லாரும் கடைக்குப் போகிறவர்கள் ஆகிவிட்டோம், கடைக்கு நெல் அனுப்புகிறவர்களை எண்ண ஒரு கை விரலே அதிகம். நடவுக்கு வரும் எட்டுப் பேரில் காவேரிக்கு மூட்டுவலி, சசிகலா பேரனைப் பார்க்கத் தாம்பரம் போய்விட்டாள், இப்படிக் கழிந்து மிச்சம் மூன்று பேர், அதில் இளையவளுக்கு அறுபத்தொன்று. நாத்துக்கும் வயசாய்க்கினே போவுது, நட்றவங்களுக்கும் வயசாய்ப்போச்சு, ஞாயித்துக்கெழமைக்குள்ள நடலன்னா லாரி நிறுத்த புரோக்கர் வெங்கடேசங்கிட்ட கையெழுத்து போட்டுட்றேன் என்று அப்பா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்.

நம் மாடியில் குடியிருக்கும் தென்காசிப் பெண் முத்துச்செல்வி, போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாளே, அவள் இதைக் கேட்டுவிட்டு, எங்க லைன்ல அடுத்த ஷிப்டுக்கு ரிலீவர் வராம யாரும் எடத்த விட்டு நகர மாட்டோம் மாமா, ஒங்களுக்கு ரிலீவர் வரல, அம்புட்டுதான என்றாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில், தன்னோடு வேலை செய்யும் ஐந்து பெண்களோடு வயலில் இறங்கிவிட்டாள். எல்லாம் ஊரில் நாற்று நட்ட கைகள். மெஸ் சாம்பாரை மறக்கிற மாதிரி கருவாட்டுக் குழம்பும், அறுத்ததும் புது அரிசியில் பங்கும் போதும் என்றார்கள். கம்பெனிப் பழக்கம் விடுமா, ஒருத்தி நாற்றுமுடியைப் பிரிக்க, ஒருத்தி நீட்ட, ஒருத்தி நட என்று வேலை ஓடியது. நடுவில் ஒரு நண்டு வந்தது. லைன் ஸ்டாப் என்று முத்துச்செல்வி கத்த, ஆறு பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள், நம் கிழவிகள் மூவரும் சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நாலு மணிக்கு வயல் முழுக்கப் பச்சை. அப்பா மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

திருஷ்டிக்கு வைக்கோல் பொம்மை கட்டி, உன் பழைய கம்பெனிச் சட்டையை மாட்டி நிறுத்தினாள் பிரவீனா. (தொப்பியும். தொப்பைக்குத்தான் வைக்கோல் நிறையச் செலவு.) மறுநாள் வெங்கடேசன் ரோட்டில் வண்டியை நிறுத்தி, இன்னா லோகேஷு, எப்ப வந்த, அப்பனாண்ட பேசிட்டியா என்று பொம்மையிடம் கால்மணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றாராம். அது வாயே திறக்கவில்லை. பையனுக்கு இஷ்டமில்ல போலகீது என்று அவரே போய்விட்டார். உன்னைவிடச் சமர்த்துப் பொம்மை.

நோய்நொடி அண்டாமல், பால் பிடித்த கதிர்போல நிறைந்திரு, வேளைக்குச் சாப்பிடு. தை கடைசியில் அறுவடை, லீவுக்கு இப்போதே சொல்லிவை. பத்து நாள் போதும், அதற்குமேல் உன் அப்பாவே வயலை உன்னிடம் விட மாட்டார். அதுவரை பொம்மை உன் ஷிப்டைப் பார்க்கும், அவர் தன் ஷிப்டைப் பார்ப்பார். ரிலீவர் வராமல் இரண்டு பேரும் நகரப்போவதில்லை.

உன் அம்மா
செங்கமலம்