விசிறி உரசுகிறதா?

மார்ச் 3, செவ்வாய்

காரில் சிவப்பு விளக்கு இன்றும் அணையவில்லை. சாவியைத் திருப்பினால் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டிய விளக்கு. பெல்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பேட்டரிக் கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டதாம். அவர் சொன்னதை என் மனைவி என் இடது காதருகே வந்து திரும்பச் சொன்னாள். போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு அந்தக் காதில் மட்டும்தான் கொஞ்சம் உயிர் இருக்கிறது. மீதியை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன்.

"புதுசு வாங்கி நானே மாத்துறேன்" என்றேன். அவள் மறுக்கவில்லை. அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

மார்ச் 5, வியாழன்

சாமான் வந்துவிட்டது. இந்தப் பழைய வண்டிக்கு இன்ஜின் பின்பக்கம்; ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. ஒரு விசிறி காற்றை அடித்து இன்ஜினைக் குளிரவைக்கும். அந்த விசிறி ஆல்டர்னேட்டரின் வாலிலேயே மாட்டியிருக்கிறது. ஒன்றைக் கழற்றினால் மற்றதும் கூடவே வரும்.

காய்ச்சலுக்குப் பிறகு நான் வண்டியில் கை வைக்கவில்லை. முன்பெல்லாம் பாதி வேலையைக் காதுதான் செய்தது. பயமாக இருக்கிறது — இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 7, சனி

கார்புரேட்டரைக் கழற்றி, ஆல்டர்னேட்டரை இறுக்கியிருந்த பட்டையை அவிழ்த்து, விசிறிக் கூட்டைக் கொஞ்சம் தூக்கினோம். தூக்கிப் பிடித்தவள் அவள்தான். "முதுகு போச்சு, சீக்கிரம்" என்றது உதடு. விசிறியின் நட்டு அசைவேனா என்று அடம்பிடித்தது. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து தொங்கினோம். அது விட்டுக்கொடுத்த வேகத்தில் இருவரும் தரையில். எழுந்திருக்காமல் சிரித்துக்கொண்டே கிடந்தோம்.

விசிறிக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் உண்டு. விசிறி கூட்டின் தகரத்தில் படாமல் தள்ளி நிறுத்துபவை அவை. பழையதில் இருந்தவற்றை அப்படியே புதியதில் போட்டேன்.

சாயங்காலம் ஓடவிட்டேன். சிவப்பு விளக்கு அணைந்தது. "சத்தம் எப்படி?" என்றேன். கட்டைவிரலை உயர்த்தினாள். இவள் எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம்.

மார்ச் 8, ஞாயிறு

ஊரைச் சுற்றினோம். வெகு நாளைக்குப் பிறகு மனிதனாக உணர்ந்தேன்.

மார்ச் 11, புதன்

பேட்டரிக் கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடி வந்தார். காதருகே கத்தினார்: "என்ன சார், பாத்திரம் தேய்க்கிற மாதிரி சத்தம்? உள்ள எங்கயோ உரசுது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். கூட்டின் உள்விளிம்பு வட்டமாகத் தேய்ந்து பளபளத்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் விசிறி சிதறி இன்ஜினே வெந்திருக்கும்.

"உனக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"எப்ப?"

"முதல் நாளே. அவ்வளவு சந்தோஷமா நின்னீங்க. எப்படிங்க சொல்றது?"

நடுத்தெருவில் கத்திவிட்டேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்பதுகூட எனக்குத் தெரியாது. எல்லாரும் திரும்பிப் பார்த்ததை வைத்துத்தான் ஊகிக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

காலையிலும் ஆறவில்லை. வண்டிக்காகவா கோபம்? இல்லை. வெளியே நடப்பது எனக்கு வந்து சேருவதே அவள் வழியாகத்தான். பாவம் பார்த்து அவளே வடிகட்டிக் கொடுத்தால் நான் எங்கே போவேன்? எதைத்தான் நம்புவேன்?

துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "வேற என்னல்லாம் மறைச்சே?"

சொன்னாள். தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாமல் வந்துவிடுகிறேனாம். நான் ரகசியம் என்று நினைத்துப் பேசுவதெல்லாம் எதிர்வீட்டுக்காரருக்கு அத்துப்படியாம். "அவரைப் பத்தி நீங்க சொன்னதும் சேத்துத்தான்." சிரிப்பை அடக்க முடியவில்லை. பாதிக் கோபம் அதிலேயே போயிற்று.

அப்புறம் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "அப்பா வண்டி ஓட்ட வேணாம்னு நம்ம பொண்ணு ஃபோன்ல அழுதா. அதையும் சொல்லல."

அது வலித்தது. ஆனால் தெரிந்துகொண்டு வலிப்பது பரவாயில்லை. அம்மா பக்கத்தில் இல்லாமல் ஓட்டுவதில்லை என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன்.

"இனிமே எதையும் மறைக்கமாட்டேன்" என்றாள். மறைக்காமல் இருப்பாளா? என் முகம் வாடினால் தாங்காதவள்.

மார்ச் 14, சனி

மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தோம். புதிய ஆல்டர்னேட்டரின் தண்டு பழையதைவிடக் கொஞ்சம் குட்டை; அதனால்தான் விசிறி தகரத்தில் பட்டிருக்கிறது. அன்றைக்கே பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு வாஷர் கூடுதலாகப் போட்டேன். மாட்டி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இருவருக்கும் நல்ல பசி. என் விரல் முட்டிகள் இரண்டிலும் தோல் போய்விட்டது.

ஓடவிட்டேன். விளக்கு அணைந்தது. அவள் வண்டிக்குப் பின்னால் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து முதலில், ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த என் முகத்தைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

நனைந்துகொண்டே சுற்றி வந்தாள். என் இடது காதருகே குனிந்தாள்.

"இன்னும் உரசுதுங்க. கொஞ்சம்தான். ஆனா உரசுது."

இன்ஜினை அணைத்தேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நன்றி என்று சொன்னேனா, நினைத்தேனா, தெரியவில்லை. சூடு தணிந்ததும் மூன்றாவது முறையாகப் பிரிக்க ஆரம்பித்தேன். நிம்மதியாக இருந்தது.