கை வைப்பதற்கு முன்

மே 14, புதன்

கல்லூரியிலிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. ஓகஸ்டில் வகுப்புத் தொடங்குமுன் ஆறு வாரம் இணையவழிப் பாடம்: கையால் பிடித்தும் குணப்படுத்துகிற ஒஸ்டியோபதி மருத்துவத்தின் வரலாறும் தத்துவமும். முதல் வேலை ஒரு பக்கக் கட்டுரை. இந்த வழியை ஏன் தெரிவு செய்தாய்?

நாலு வரி எழுதினேன். நாலும் பொய்.

உண்மை இதுதான். மிச்சிகனில் மாமி வீட்டில் நின்று பட்டம் முடித்த கையோடு மூன்று மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன். எம்.டி. என்கிற வழமையான டொக்டர் பட்டம் தருகிற இரண்டில் ஒன்று முடியாது என்றது, மற்றது காத்திருப்போர் பட்டியலில் போட்டது. சேர்த்துக்கொண்டது டி.ஓ. பட்டம் தருகிற இந்த ஒஸ்டியோபதிக் கல்லூரி மட்டும். வகுப்புத் தொடங்கும் வரை ஊருக்கு வந்திருக்கிறேன்; இங்கே றுமானா மச்சிக்கு மட்டுந்தான் இது தெரியும். மாமாவின் மகள், ஆஸ்பத்திரியில் டொக்டர். வாப்பாவும் உம்மாவும் மகள் டொக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்ற அளவில் சந்தோசமாக இருக்கிறார்கள்.

மே 17, சனி

ஒஸ்டியோபதியைத் தொடங்கிவைத்த ஸ்டில் என்பது பரீட்சைக்குப் பாடமாக்க வேண்டிய பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். இன்று அவர் ஒரு தகப்பனாகிவிட்டார். அமெரிக்காவின் எல்லைப்புறத்தில் வைத்தியம் பார்த்தவர். 1864இல் மூளைக்காய்ச்சல் அவருடைய வீட்டில் மூன்று பிள்ளைகளைச் சில நாட்களுக்குள் கொண்டுபோய்விட்டது. அந்தக் காலத்து மருந்து என்ன? பாதரசம், அபின், இரத்தம் வடிய விடுவது. தானே வைத்தியராக இருந்தும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

பத்து வருடம் கழித்துப் புது வழி ஒன்றைச் சொல்கிறார். உடம்பு முழுக்க ஒன்று. அதன் அமைப்பில் பிசகினால் வேலையும் பிசகும். தன்னைத் தானே சரிசெய்யும் வலு அதற்கு உண்டு.

மடிக்கணினியை மூடிவிட்டு உள்துறைமுக வீதியில் நடந்தேன். எல்லார் முதுகையும் பார்த்துக்கொண்டு! மீன்பெட்டி தூக்குகிறவர், சைக்கிளில் சாய்ந்து மிதிக்கிறவர், தோளில் பை தொங்கும் பிள்ளை. இருபத்துமூன்று வருடமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மே 19, திங்கள்

ஸ்டில் தொடங்கிய கல்லூரியில் முதல் வகுப்பு 1892. இருபது பேர் மட்டில். ஐந்து பேர் பெண்கள்.

மே 25, ஞாயிறு

றுமானா மச்சி வந்தாள். ஒரு மணித்தியாலமாக நான் ஸ்டில் புராணம் பாட, பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். மனுசன் மருந்தே வேண்டாமென்றவர்தானே, அப்படியென்றால் நியூமோனியாவுக்கு நீ என்ன கொடுப்பாய்?

அவள் போனபின் தேடித் தேடி வாசித்தேன். அந்தக் கல்லூரிகளே பிறகு மருந்தையும் பாடத்தில் சேர்த்திருக்கின்றன. இன்றைய டி.ஓ. மருந்தும் எழுதுவார், சத்திரசிகிச்சையும் செய்வார். கையால் செய்கிற சிகிச்சை அதற்கு மேலதிகம். அதிலும் முதுகு நோவுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது, மண்டையோட்டைப் பிடிக்கிற வகைக்கு ஆதாரம் மெலிவு.

இதை அப்படியே போனில் சொன்னேன். மச்சி சிரித்தாள். "இப்பதான் நீ சாமான் விக்கிறவள் மாதிரிக் கதைக்காம படிக்கிறவள் மாதிரிக் கதைக்கிறாய்."

ஜூன் 3, செவ்வாய்

கைக்குப் பயிற்சி. ஒரு தலைமயிரைத் தாளுக்குக் கீழே வைத்து, கண்ணை மூடி விரலால் தேட வேண்டும். பிறகு இரண்டு தாள், மூன்று தாள். அழுத்தினால் தெரியாது, விரலைச் சும்மா விட வேண்டும். அசர் தொழுகைக்கு முன் ஏழு தாள்! பகல் சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. உம்மா குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனா.

ஜூன் 7, சனி

ஹஜ்ஜுப் பெருநாள். வாப்பா கதிரையில் இருந்துகொண்டு தொழுதார். துறைமுக இழுவைப் படகில் முப்பது வருடம் என்ஜின் பார்த்த முதுகு. "ரெண்டு நாளையில சரிவரும்" என்கிறார்.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கே எழுதி வைக்க வேண்டும்.

காலையில் வாப்பா பாயில் குப்புறப் படுத்தார். "மகள், நீங்க படிக்கிறது முதுகுதானே. ஒருக்காப் பிடிச்சு விடுங்க."

ஆசை வந்தது. உண்மையாகவே வந்தது. எத்தனை வீடியோ பார்த்திருக்கிறேன். இரண்டு உள்ளங்கையையும் இடுப்பில் வைத்தும்விட்டேன். அழுத்தப் போன நேரம் போன வாரப் பாடம் நினைவில் வந்தது: தொடுமுன் ஆளை முழுக்கக் கேள். கையை எடுத்துவிட்டுக் கேட்டேன். நோவு எங்கே போகிறது? இரண்டு காலுக்கும். விறைப்பு? கொஞ்சம். எங்கே? சொல்ல மாட்டேன் என்கிறார். மகளிடம் சொல்ல வெட்கம். மூன்றாம் முறை கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். உட்காருகிற இடத்தில் உணர்வே தெரியவில்லையாம். விடியத்தொட்டு சலமும் போகவில்லையாம், ஒரு சொட்டுச் சிறுநீரும் இல்லையாம்.

யா அல்லாஹ். சும்மா வாசித்து வைத்ததுதான் — முள்ளந்தண்டின் அடியில் நரம்புக்கற்றை நெரிபட்டால் வருகிற குறிகள். மச்சிக்குப் போன் எடுத்தேன்.

"முதுகில கை வைக்காத. இப்பவே கொண்டு வா."

ஓட்டோ, ஸ்கேன், அம்புலன்ஸ். கண்டியில் பெரிய ஆஸ்பத்திரி. நாளைக் காலை ஒப்பரேசன். அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? தெரியாது. ஆனால் நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டிருப்போம். அது நிச்சயம்.

ஜூன் 13, வெள்ளி

சலக்குழாய் எடுத்தாயிற்று. தானாகப் போகிறது. இப்படி ஒரு செய்திக்கு ஒரு குடும்பமே ஆஸ்பத்திரி வாட்டில் நின்று அழும் என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேனா? நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் சத்திரசிகிச்சை டொக்டர்.

ஜூன் 27, வெள்ளி

வாப்பா வீட்டில். சுவரைப் பிடித்து நடக்கிறார்.

நேற்று அந்த எம்.டி. கல்லூரியிலிருந்து கடிதம். பட்டியலில் என் முறை வந்துவிட்டது, ஓர் இடம் இருக்கிறது, திங்களுக்குள் பதில் வேண்டும். மார்ச்சில் வந்திருந்தால் கூரையில் ஏறிக் கத்தியிருப்பேன். எம்.டி. என்றால் ஒருத்தருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை, நல்லா யோசி என்கிறாள் மச்சி. அதுவும் சரிதான்.

கடைசியில் வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பொய் எழுதிய கட்டுரை உட்பட.

"எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியா மகள். நீங்க தலைமயிரைத் தேடின அன்டைக்கு சோறு தின்ன மறந்திட்டீங்க. நான் கண்டது அது மட்டுந்தான்."

ஜூன் 29, ஞாயிறு

கட்டுரையை மறுபடி எழுதினேன். முதல் வரி: "என்னைச் சேர்த்துக்கொண்டது நீங்கள் மட்டும் என்பதால் வந்தேன்." அதற்குப் பிறகு மூன்று பக்கம், நிறுத்த ஏலவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஒஸ்டியோபதிக் கல்லூரியிலிருந்து ஒரு படிவம்: வெள்ளைக் கோட்டுக்கு அளவு அனுப்ப வேண்டுமாம். உம்மா தையல் நாடாவை எடுத்து வந்தா. வாப்பா அதை வாங்கிக்கொண்டு எழும்பி, ஒன்றையும் பிடிக்காமல் நின்று, என் தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார்.

இருபத்திரண்டரை அங்குலம்.