எண் 214, மூடியில் பள்ளம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை விழுங்குகிறாரா, ஒளித்து வைக்கிறாரா?

இங்கே ஒரு கூத்து. கவலைப்பட ஒன்றுமில்லை. எங்கள் மாகாணப் பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகம் ஒரு பழைய நீதிமன்றத்தைப் பொறுப்பில் எடுத்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் ஒட்டுவது என் வேலை. வேலை மும்முரத்தில், நீ கொடுத்தனுப்பிய பித்தளை டிபன் கேரியருக்கும் 214 என்று நானே ஒட்டித் தொலைத்தேன்.

மறுநாள் தேடினால், அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது!

"சார், அது என்னோடது. நேத்துகூட அதுலதான் சாப்பிட்டேன்" என்றேன்.

"நம்பர் ஏறிடுச்சேம்மா. இனிமே அது அரசாங்கச் சொத்து. அதுல சாப்பிட்டதை வெளியே சொல்லிடாதே" என்றார் பதிவாளர்.

மூடியிலுள்ள பள்ளம் போர்க்காலத்தது என்று நிபுணர் வேறு எழுதி வைத்துவிட்டார். அது எப்படி விழுந்தது என்று உரிமையாளர் எழுத்தில் தந்தால்தான் திரும்பக் கிடைக்குமாம். ஆகவே, அப்பாமேல் நீ விட்டெறிந்த கதையை மறைக்காமல் எழுது. சாட்சியாக அப்பாவே கையெழுத்துப் போடட்டும். யோசித்தால், நிபுணர் சொன்னதும் முழுப்பொய் இல்லை.

ஆனால் அவசரமில்லை. மதியம் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு எதிரில்தான் உட்காருகிறேன். நேற்று காவலாளி எட்டிப் பார்த்து, "யார்கிட்டம்மா பேசிட்டிருக்கே?" என்றார்.

"வீட்டுல" என்றேன். என் கையில் ஃபோனைத் தேடினார், பாவம்.

தபால் பையைக் கட்டுகிறார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்