நூலகக் கம்ப்யூட்டரும் ஒரு எஃப்பும்

வெள்ளிக்கிழமை, ஆடி 3

இன்று நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் எழுதப் போகிறேன்.

எங்கள் பள்ளி நூலகக் கம்ப்யூட்டர் என்னைவிட மூத்தது. விண்டோஸ் எக்ஸ்பி. உபயோகம் இல்லையென்றால் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம் என்று ஹெச்.எம். சொல்லியிருந்தார். அதைக் காப்பாற்ற, எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று காட்டும் புரோகிராமை அண்ணனின் லேப்டாப்பில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதி, நோட்டில் படியெடுத்துப் போனேன். நூலகக் கம்ப்யூட்டரிலும் பைத்தான் இருந்தது. என் வகுப்புத் தோழி செல்வி அதைப் பார்த்து டைப் செய்தாள். பிழை என்று வந்தது.

"மேற்கோள் குறிக்கு முன்னாடி ஒரு எஃப் தனியா நிக்குதுடி. கை தவறி எழுதிட்டியா?"

அண்ணன் போடச் சொன்னான், போட்டேன்; எதற்கு என்று எனக்கும் தெரியாது. "எடுத்துரு" என்றேன். எடுத்ததும் ஓடியது. ஹெச்.எம்.மைக் கூட்டி வந்தோம். எந்தப் புத்தகத்தைக் கேட்டாலும், எடுத்தவர் 'பெயர்' என்றே வந்தது.

"அம்புட்டையும் ஒரே ஆளா தூக்கிட்டுப் போச்சு? யாரு தாயி அந்தப் பெயர்?"

"ஒரு எழுத்தை எடுத்தேன் டீச்சர்" என்றாள் செல்வி.

"உன்னைய யாரு எடுக்கச் சொன்னது?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். திங்கட்கிழமை வரை பார்ப்பதாகச் சொல்லி ஹெச்.எம். போய்விட்டார்.

எக்ஸ்பியில் ஓடுவது பழைய பைத்தான், எஃப் அதற்குப் பிறகு வந்தது என்று அண்ணன் சொன்னான். அந்த எஃப்தான் 'பெயர்' என்ற இடத்தில் ஆளின் பெயரை வைக்குமாம். எஃப்புக்குப் பதிலாகக் கூட்டல் குறி போட்டு மாற்றி எழுதிவிட்டேன். நிச்சயம் ஓடும்.

பஸ்ஸில் செல்வி வேறு சீட்டில் உட்கார்ந்து வந்தாள். எடுக்கச் சொன்னது நான் என்பதை ஹெச்.எம்.மிடம் புரோகிராம் ஓடுவதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஓடிய பிறகு சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள், அப்புறம் அது

அம்மா விளக்கை அணைத்துவிட்டார்.