வருகைக்கு முன் ஒரு பரீட்சை

அன்பு மகளுக்கு, அப்பாவின் ஸ்தோத்திரம்.

முப்பத்தாறு வயதில் நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள். இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு எப்படிச் சமாளிக்கிறாய்? நாள் முழுக்க நிற்கிற வேலை, காலைக் கடிக்காத செருப்பாகப் பார்த்து வாங்கு.

பதினேழு வயதில் உனக்கு இதே படிப்புக்கு இடம் கிடைத்தது. "ஆண்டவர் மறுபடி வரப்போறார், வாசல்ல நிக்கிறார், நாலு வருஷப் படிப்பு எதுக்கும்மா?" என்று உன்னை ஊழிய வேனில் ஏற்றிக்கொண்டேன். ஊர் ஊராக நீ பாடினாய், நான் பிரசங்கித்தேன்.

நேற்று பஸ் நிலையத்தில் ஒரு மாணவிக்கு 'ஆண்டவர் சீக்கிரம் வருகிறார்' என்ற கைப்பிரதி கொடுத்தேன். நின்று முழுதும் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஐயா, நிஜமாவே சீக்கிரம் வர்றாரா? அடுத்த வாரம் எனக்குப் பரீட்சை இருக்கு."



"வர்றாரும்மா. நீ போய்ப் படி. பரீட்சை எழுதிட்டிருக்கும்போது வந்தாலும் கோவிச்சுக்க மாட்டார்" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள். நான் மீதிப் பிரதிகளோடு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு பதிலைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருடம் ஆகியிருக்கிறது.

உன் பரீட்சைத் தேதிகளை எழுது. அந்த நாட்களில் பிரசங்கக் கூட்டம் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் வருகிறேன்.

உன் அப்பா