தோற்றவர் ஊர் மாறவேண்டும்

சன்ஷைன், மெல்பேர்ன்
10 பெப்ரவரி 1976

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

நான் சுகம், வண்டி என்னைவிடச் சுகம். உன் சுகத்தை நீ எழுதாவிட்டால், வார்டிலே பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்துகொண்டிருக்கின்றன என்று எடுத்துக்கொள்வேன்.

பந்தயத்தில் என் பங்கு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கால்டர் கார்ப்பந்தயத் திடலில் நம் யூட் வண்டியை மூன்று தரம் ஓட்டினேன். நீ நத்தார் லீவுக்கு வந்தபோது கைகொடுத்து ஒப்புக்கொண்டதை, பிறகு வழக்கு வராமல் இருக்க, இங்கே ஒருமுறை எழுதிவைக்கிறேன். ஒரே வண்டி. ஆளுக்கு மூன்று ஓட்டம். கால் மைல் தூரத்தைக் குறைந்த நேரத்தில் முடிக்கிறவர் தன் ஊரில் தன் வேலையில் இருக்கலாம். தோற்றவர் வேலையை விட்டு மற்றவருடைய ஊருக்குப் பெட்டி கட்டவேண்டும். எனக்கு இங்கே லொறிக் கராஜில் ஃபோர்மன் வேலை, உனக்கு அங்கே பிரசவ வார்டுப் பொறுப்பு. பதினாலு மாதமாகப் புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு ஊரில் உலை வைக்கிறோம்.

இந்த விசர்ப் பந்தயம் எதற்கு என்று என்னோடு வேலை செய்யும் சிறி கேட்டான். அவனுக்கு நம் வீட்டுச் சண்டை தெரியாது. யாழ்ப்பாணத்து ஆசுப்பத்திரி வேலையை எனக்காக விட்டுவந்ததாக நீ சொல்வாய். உன்னைச் சிட்னிக்கு விட்டுக்கொடுத்து அனுப்பியதாக நான் சொல்வேன். கறியில் உப்புக் கூடினாலும் கடைசியில் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்போம். அதனால்தான் வண்டி தீர்மானிக்கட்டும் என்றோம். யார் யாருக்கு விட்டுக்கொடுத்தார் என்ற பேச்சு வண்டிக்குத் தெரியாது.

சரி, நடந்ததைக் கேள். வரிசையில் எனக்கு முன் பதினொரு வண்டி நின்றது. பெற்றோலை ஏன் வீணாக்குவான் என்று எஞ்சினை நிறுத்திவிட்டேன். என் முறை வந்தபோது பக்கத்து வண்டிக்காரன் உறுமிக்கொண்டு நிற்க, நான் சட்டைப் பையில் திறப்பைத் தேடினேன். முதல் ஓட்டம் 16.9 செக்கன். இரண்டாவது 16.5. மூன்றாவது 16.3, முடிவுக் கோட்டில் மணிக்கு 92 மைல் வேகம். திடலில் தந்த நேரச் சீட்டுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். "அண்ணை, நீங்கள் கோயிலுக்கு வெளிக்கிடுற மாதிரியெல்லோ வெளிக்கிடுறியள்" என்றான் சிறி. சொல்லட்டும். கியர்ப்பெட்டியில் ஒரு சத்தம் இல்லை.

சனிக்கிழமை வண்டியைக் கொண்டுவந்து தந்துவிட்டு ரயிலில் திரும்புவேன். கிளச்சைப் பார்த்து மிதி. கால் உன்னுடையது, கிளச் என்னுடையது.

அன்புடன்,
கணேசலிங்கம்


வென்ட்வேர்த்வில், சிட்னி
2 மார்ச் 1976

அன்புள்ள அத்தானுக்கு,

நலமாக இருக்கிறேன். போன கிழமை வார்டில் பத்தொன்பது பிள்ளைகள், அதில் இரண்டு சோடி இரட்டை. நீங்கள் பெட்டி கட்டத் தொடங்கலாம்.

அவசரப்படாமல் முதலிலிருந்து சொல்கிறேன். என்னோடு வேலை செய்யும் மார்லீனின் தமையன் இங்கே காசில்ரேத் திடலில் வழக்கமாக ஓட்டுகிறவர். தலைக்கவசம் அவருடையது. என் கொண்டை அதற்குள் புகவில்லை, அவிழ்த்துப் பின்னிக்கொண்டு போட்டேன். அவர் சொன்னவை சிலதான். பச்சை விளக்கைப் பார்த்துப் பதறாதே, சக்கரம் கோட்டை விட்டு நகர்ந்த பிறகுதான் மணிக்கூடு ஓடும். எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசி மூவாயிரத்தைந்நூறில் நிற்கட்டும். கிளச்சைப் பாதிவரை சட்டென்று விடு, வண்டி பிடித்ததும் மிச்சத்தையும் விடு. ஐயாயிரம் வரும்வரை கியரைத் தொடாதே, தொட்டால் தயங்காதே.

முதல் ஓட்டத்தில் பின் ரயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. ஒரே புகை. வண்டியின் வால் பக்கவாட்டில் போய் 17.4 வந்தது. முன்னால் கார், பின்னால் வெறும் லொறிப்பெட்டி. பின்னுக்குப் பாரமில்லாமல் சக்கரம் எப்படி நிலத்தைப் பிடிக்கும்? பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அக்காவும் நானும் இன்னும் இரண்டு வீட்டாரும் சேர்ந்து வாங்கிய அரிசி நாலு மூட்டை, பகிர நேரமில்லாமல் வண்டியோடு வந்திருந்தது. ஓடுவதற்காக இறக்கி நிழலில் வைத்திருந்தோம். அதைத் திரும்ப ஏற்றிப் பின் அச்சுக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். பரிசோதிக்கிறவர் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார், மூட்டைக்குள் என்ன என்று கேட்டார், சோறு என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

இரண்டாவது ஓட்டம் 16.1. மூன்றாவதில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. வார்டில் தாய்மாருக்கு 'இப்ப முக்குங்கோ' என்று சொல்கிற கணம் ஒன்று வருமே, அதே போல ஒரு கணம் காலுக்குத் தெரிந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு, அக்சிலேற்றரிலிருந்து வலது காலை எடுக்காமலே மாற்றினேன். கோபிக்காதீர்கள். 15.7 செக்கன், 91 மைல். நாலு வீட்டு அரிசியும் என்னோடு கால் மைல் ஓடியது. ரயர் கருகின மணம் அரிசியில் ஏன் வருகிறது என்று அக்கா கேட்டபோது, புதுச் சாக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் எழுதி உறையில் வைக்கும்போது உங்கள் சீட்டையும் என் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அத்தான், கோட்டைத் தாண்டும்போது உங்கள் வேகம் 92, என்னுடையது 91. முடிவில் என்னைவிட வேகமாகப் போனவர் அரைச் செக்கனுக்கு மேல் எப்படிப் பிந்தினார்? தொடக்கத்திலேயே விட்டிருக்கிறீர்கள். இருபது வருடம் எஞ்சினுக்குள் கைவைத்தவருக்கு வண்டியை எடுக்கத் தெரியாதா? உண்மையைச் சொல்லுங்கள். எனக்காகத் தோற்றீர்களா?

இப்படிக்கு,
வென்ற சந்தோஷம் பாதியில் நிற்கும்
இரஞ்சிதம்


சன்ஷைன்
9 மார்ச் 1976

அன்புள்ள இரஞ்சிதத்துக்கு,

முதலில் அரிசி. ஒப்பந்தத்தில் அரிசி இல்லை. ஆனாலும் உன்னைவிட நான் முப்பது கிலோ கூட இருப்பதால் வழக்கை எடுக்காமல் விடுகிறேன்.

உனக்காகத் தோற்கவில்லை. கராஜில் பதினைந்து பேருக்கு மேலாளாக இருக்கிறவன், பெண்சாதியிடம் தோற்றேன் என்று சொல்ல ஆசைப்படுவானா?

காரணம் என் இடது கால். நீ கார் ஓட்டப் பழகியது இங்கே, கடைக்குப் போனால் கிளச் பிளேட் தட்டில் அடுக்கி இருக்கிற நாட்டில். நான் பழகியது யாழ்ப்பாணத்தில். எழுபதாம் ஆண்டுக்குப் பிறகு வெளிநாட்டுச் சாமான் வராமல் நாங்கள் பட்டது உனக்கும் தெரியும், ஆனால் நீ பட்டது மருந்துக்கும் பஞ்சுக்கும். ஸ்ரான்லி வீதிக் கராஜில் நாங்கள் பழைய பிறேக் துண்டுகளை வெட்டி, துளைபோட்டு, ஆணி அறைந்து கிளச் பிளேட் செய்தோம். ஒரு டாக்டரின் காருக்கு ஒரே பிளேட்டை நாலு தரம் அப்படிப் புதுப்பித்தேன். கிளச்சை எரித்தவன் என்று பெயர் எடுத்தவனுக்குப் பெண் கொடுக்கவே யோசித்தார்கள். மூன்று வருடம் அப்படி ஓட்டினவன் கால், மூளை சொல்வதைக் கேட்குமா? விளக்கு பச்சையாகிறது, விடு என்கிறேன். கால் மெல்ல, மெல்ல வருகிறது. வண்டி உருண்டு வேகம் பிடித்த பிறகு நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. அந்த 92 அதுதான்.

நம்பு.
கணேசலிங்கம்


வென்ட்வேர்த்வில்
16 மார்ச் 1976

அன்புள்ள அத்தானுக்கு,

கதை நன்றாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக இருப்பதால்தான் நம்பமுடியவில்லை.

நீங்கள் நல்ல மனிதர், அதுதான் என் பயம். நல்ல மனதோடு ஒன்றைத் தருவீர்கள். பிறகு ஒருநாள் கோபம் வரும்போது, தந்ததை எடுத்துக் காட்டுவீர்கள். நானும் அப்படித்தான். அந்த 'உனக்காக' என்ற சொல்லோடு இன்னொரு பத்து வருடம் ஒரே வீட்டில் இருக்க என்னால் முடியாது.

ஈஸ்டருக்கு வாருங்கள். திங்கட்கிழமை காசில்ரேயில் ஓட்டம் இருக்கிறது. என் கண்முன்னால் மூன்று தரம் ஓட்டுங்கள். 15.7ஐ முந்தினால் நான் மெல்பேர்னுக்கு வருகிறேன். முந்தாவிட்டால் நீங்கள் வருவீர்கள். ஆனால் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தால், வார்டுப் பொறுப்பை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு நானே பெட்டி கட்டுவேன். பிச்சையாகக் கிடைத்த ஊரில் நான் இருக்கமாட்டேன்.

அரிசி வேண்டுமானால் கட்டித் தருகிறேன்.

இரஞ்சிதம்


வென்ட்வேர்த்வில்
22 ஏப்ரல் 1976

அன்புள்ள அத்தானுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். திடலிலிருந்து ஸ்ரேஷன் வரைக்கும் நீங்கள் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. நாளைக்கு வேலை என்று ரயிலேறிவிட்டீர்கள். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்து வேலியில் நின்று பின் சக்கரத்தைத்தான் பார்த்தேன். முகம் நடிக்கும். முதல் ஓட்டம் 16.2. எஞ்சின் நாலாயிரத்தில் கத்துகிறது, சக்கரமோ தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தால் போகிறவர் மாதிரி நகர்கிறது. இரண்டாவது, 16 சரியாக. அப்போதும் நான் நம்பவில்லை, சாமர்த்தியமாக நடிக்கிறார் என்று எனக்குள் கொதித்தேன்.

மூன்றாவதில் நீங்கள் கிளச்சை ஒரேயடியாக விட்டீர்கள். விட்ட அதே கணம் பயந்து வலது காலையும் எடுத்துவிட்டீர்கள். வண்டி ஒரு முழம் துள்ளி, கோட்டிலேயே செத்துப்போனது. சனம் சிரித்தது. தள்ளிக்கொண்டு போக ஆட்கள் ஓடிவந்தார்கள். நீங்கள் யாரையும் பார்க்கவில்லை. கதவைத் திறந்து இறங்கி, அத்தனை பேர் நடுவில் முழங்காலில் இருந்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டுக் கிளச் கருகுகிறதா என்று மணந்து பார்த்தீர்கள். நடிக்கிறவன் மணந்து பார்க்கமாட்டான். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மார்லீன் நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள்.

நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உங்களால் முடியவில்லை. என் புருஷனால் ஒன்று முடியவில்லை என்று நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தரம்.

இனி நான் ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்து வேலையை உங்களுக்காக விட்டேன் என்று மூன்று வருடமாகச் சொன்னேனே, அது பொய். எனக்கு வர ஆசை இருந்தது. உங்களுக்கு விசா வந்தபோது, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். ஆசைப்பட்டு வந்தேன் என்று சொன்னால் என் பக்கத்துக்குப் பாரம் இல்லாமல் போய்விடும் என்று மறைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சை நான் இத்தோடு விட்டுவிட்டேன்.

உங்கள்
இரஞ்சி


சன்ஷைன்
30 ஏப்ரல் 1976

அன்புள்ள இரஞ்சிக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்ததை இப்போதாவது சொன்னாயே.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். மனேஜர் காரணம் கேட்டார். பந்தயத்தில் தோற்றுவிட்டேன் என்றேன். குதிரை என்று நினைத்துக்கொண்டு, இனியாவது கவனமாக இரு என்று தோளில் தட்டினார். பரமற்றாப் பக்கம் ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை சொல்லியிருக்கிறார்கள். ஃபோர்மன் இல்லை, அடியில் படுத்துச் செய்கிற வேலைதான். அது எனக்குக் கொஞ்சம் கசக்கிறது. கசக்கவில்லை என்று உனக்கு எழுதமாட்டேன்.

நீ உண்மை சொன்னபடியால் நானும் சொல்கிறேன். காசில்ரேயில் முதல் ஓட்டத்துக்கு விளக்கின் முன் நின்றபோது, விட்டுக்கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. இடது காலில் பழியைப் போடலாம், யாருக்கும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தேன். வேலிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னை ஏமாற்ற மனம் வரவில்லை. மூன்று ஓட்டமும் வெல்லத்தான் ஓட்டினேன். வென்றிருந்தால் உன்னை அந்த வார்டிலிருந்து இங்கே கொண்டுவந்திருப்பேன், வெட்கப்பட்டிருக்கமாட்டேன்.

ஆனால் என் வாயை எனக்குத் தெரியும். ஒருநாள் மழைக்குள் பஸ்ஸுக்கு அடியில் கிடந்துவிட்டு வருவேன், சோறு ஆறிப்போயிருக்கும், "உனக்காகத்தானே எல்லாத்தையும் விட்டிட்டு வந்தனான்" என்று சொல்லிவிடுவேன். நீ பதில் சொல்லாதே, அழாதே. இந்தக் கடிதத்தை எடுத்துவந்து எனக்கு முன்னால் வை.

வருகிற பதினைந்தாம் தேதி சனிக்கிழமை காலை ரயில் வந்து சேரும். டியூட்டி என்றால் லீவு போடாதே, நானே வந்துவிடுவேன். கீழே எழுதியிருப்பதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்.

சின்னத்தம்பி கணேசலிங்கம் ஆகிய நான், என்னால் முடிந்தமட்டும் ஓட்டியும் என் மனைவியிடம் நேர்மையாகத் தோற்றபடியால் சிட்னிக்குப் போகிறேன். யாருக்காகவும் போகவில்லை.

சி. கணேசலிங்கம்
30.4.76