பீரோ சாவி

செவ்வாய்க்கிழமை

ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்த மாணவி, தோல் பதனிடுவது பற்றிய புத்தகம் ஒன்றைக் கேட்டாள். நான் நூலகராக இருக்கும் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் அது பூட்டிய கண்ணாடி பீரோவில் இருக்கிறது. உதவியாளர் செல்வம், "இல்லம்மா" என்று அனுப்பப் பார்த்தான். கண்ணாடிக்குள் பளிச்சென்று தெரிகிற புத்தகம்! எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"இன்னா செல்வம் இது?"

"தொலைஞ்சா என்னைத்தானே கேப்பாங்க, மேடம்?"

அவன் சோம்பேறி என்றுதான் எல்லோரும் புகார் எழுதுகிறார்கள். பயந்தவன் என்று ஒருவரும் எழுதியதில்லை.

"தொலைஞ்சா நான் பதில் சொல்றேன். தெற."

திறந்தான். "இதே மாதிரி இன்னும் ரெண்டு இருக்கும்மா" என்று அவனாகவே எடுத்துக் கொடுத்தான்.

மேலிடத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். சாவியைப் பீரோவிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மறந்துபோய் அல்ல.